43-ம் நம்பர் அறை

என்னிடம் புஸ்தகம் இரவல் வாங்கிப் படிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். இரவல் வாங்குகிறவர்களில் அபூர்வமான ரகம், திருப்பிக் கொடுத்துவிடுவார். கொடுக்கும்போது ஒரு தீர்ப்பையும் சேர்த்துக் கொடுப்பார். இவான் பூனினுடைய 'ஸான்பிரான்ஸிஸ்கோ கனவான்' அடங்கிய தொகுதியைத் திருப்பித் தந்தபோது அவர் சொன்னது இது: "நன்றாகத்தான் இருக்கிறது, ஸார். ஆனால் இதைச் சொல்வதற்கு ஒரு ருஷ்யாக்காரர் இத்தாலிக்குப் போக வேண்டுமா? நம்ம பட்டினத்தார் திருவொற்றியூரில் உட்கார்ந்துகொண்டே சொல்லிவிட்டாரே!"

எனக்கு உடனே பதில் வரவில்லை. முதல் தடவை அந்தக் கதையைப் படித்தபோது நானும் அச்சாக இதையேதான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், அந்த நினைப்பை முதலாக வைத்துக்கொண்டு ஒரு கதையும் எழுதிவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன். முதலில் பூனினுடைய கதை. படித்திராதவர்கள் இருப்பார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஒரு தனவந்தர். ஆயிரக்கணக்கில் சீனத் தொழிலாளிகளைத் தருவித்து வேலை வாங்கிப் பணம் சேர்த்தவர். வயது 58. இத்தனை நாள் உழைத்தாயிற்று, இனிமேல்தான் வாழ ஆரம்பிக்க வேண்டும் என்று தீர்மானித்து, மனைவியையும் கல்யாணமாகாத பெண்ணையும் அழைத்துக்கொண்டு இரண்டு வருஷ உல்லாசப் பிரயாணம் கிளம்புகிறார். திட்டம் மிகவும் சுத்தமாகப் போடப்பட்டிருக்கிறது. டிசம்பரும் ஜனவரியும் தென் இத்தாலி, பிறகு நீஸ், மாண்டி கார்லோ, புனித வாரத்துக்கு ரோம், அப்புறம் வெனிஸ், பாரிஸ், ஸெவில்லில் காளைச் சண்டை, பாலஸ்தீனம், எகிப்து, திரும்பும்போது ஜப்பான்கூட. கப்பலின் பெயர் 'அட்லாண்டிஸ்'. வெளியே மலைபோல அலைகள், மூடுபனியில் நிமிஷத்துக்கு ஒரு தரம் அலறும் சங்கு. உள்ளே வாத்தியக் கோஷ்டி அந்தச் சங்கு காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறது. கீழே அடித்தட்டில் இடுப்புக்கு மேல் துணியில்லாத மனிதர்கள் உலைக்குக் கரி வாரிப் போடுகிறார்கள். மேலே நடன மண்டபத்தில் ஒரு காதல் ஜோடி. எல்லோரும் அவர்களையே பார்த்து ரசிக்கிறார்கள். காதலிப்பதுபோல நடிப்பதற்குக் கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஜோடி அது என்பது காப்டன் ஒருவருக்குத்தான் தெரியும்.

நேபிள்ஸில் ஒரே மழை, சேறு. அன்றாடம் காலையில் குடும்பத்துக்குள் சண்டை. காப்ரித் தீவில் வெயில் அடிக்கிறது என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். சின்னக் கப்பலில் ஏறி, வழியெல்லாம் வாந்தியெடுத்து, செத்துப் பிழைத்துத் தீவில் இறங்கி, மலைமேல் கயிறு இழுத்துக்கொண்டு போகும் சின்ன ரயிலில் ஏறி, ஹோட்டல் வாசலை அடைகிறார்கள். ஒரு ஜெர்மானியச் சிற்றரசர் அப்போதுதான் காலி செய்துவிட்டுப் போன அறைகள் அவர்களுக்குக் கிடைக்கின்றன. குனிந்து வணங்கும் முதலாளியின் முகத்தை முந்தின இரவு சொப்பனத்தில் பார்த்ததாகக் கனவானுக்கு நினைவு வருகிறது. அதைச் சிரித்துக்கொண்டே மனைவியிடமும் பெண்ணிடமும் சொல்லுகிறார். பெண்ணுக்கு மட்டும் ஏனோ மனசு திக்கென்கிறது.

சாப்பாட்டுக்குக் கண்டாமணி அடிக்கிறது. கனவான் தம் அறையில் கழுத்துப்பட்டையின் பொத்தானோடு மல்லுக்கட்டுகிறார். அது தொண்டையைக் கடிக்கிறது, எப்படியோ மாட்டிவிடுகிறார். மனைவியும் பெண்ணும் இன்னும் தயாராகவில்லை. வாசக சாலைக்குப் போய்ப் பத்திரிகையை எடுத்துப் பால்கன் யுத்தச் செய்திகளைப் பார்க்கிறார். எழுத்துக்கள் மங்குகின்றன. அவ்வளவுதான்.

இத்தனையும் கதையில் ஏறக்குறையப் பாதி. என் நண்பருக்குக் கதை இங்கேயே முடிந்துவிட்டது. எனக்கு இங்கேதான் ஆரம்பமாகிறது.

பூனின் ஒரு விஷயம் சொல்லுகிறார். அந்த வாசக சாலையில் ஒரு ஜெர்மானியர் உட்கார்ந்திராவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாமலே போயிருக்கும். ஹோட்டல்காரர்கள் சத்தமில்லாமல் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி எங்கேயாவது போட்டிருப்பார்கள். விருந்தாளிகளில் ஒருவர்கூட அறிந்திருக்க மாட்டார். ஆனால் அந்த ஜெர்மானியர் கத்திக்கொண்டே வெளியே ஓடிவிட்டார். ஹோட்டலே கலவரமடைந்தது. முதலாளி மேஜை மேஜையாகப் போய், ஒன்றுமில்லை, யாரோ ஒருவருக்குச் சிறு மயக்கம் என்று சமாதானம் சொல்லிப் பார்க்கிறார். அன்று இரவு நடக்க இருந்த டாரண்டெல்லா நாட்டியம் ரத்து. வேண்டாத விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். முன் கூடத்துக் கடிகாரத்தின் சத்தமும், கூண்டில் தூக்கம் வராமல் முனகும் கிளியின் சத்தமும்தான் பாக்கி.

கனவானைக் கொண்டுபோய்ப் போட்ட இடம் 43-ம் நம்பர் அறை. கீழ்த்தளத்து நடையின் கோடியில் இருப்பது. ஹோட்டலிலேயே மிகச் சிறியது, ஈரம் பிடித்தது, குளிர்ந்தது. மலிவான இரும்புக் கட்டில், முரட்டுக் கம்பளி, ஒரே ஒரு மங்கல் விளக்கு. தம் அறைக்காவது அவரைக் கொண்டு போகலாமா என்று மனைவி கண்ணீரோடு மெதுவாகக் கேட்கிறாள். முதலாளி முடியாது என்கிறார். அங்கே கொண்டு போனால் அந்த அறைகளின் பெயர் கெட்டுவிடும். பிறகு எந்தப் பிரயாணியும் அவற்றை எடுக்க மாட்டான். இதை அவர் முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை. மரியாதைக் குறைவான வார்த்தை ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் அதுவரை அவளிடம் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தவர், இப்போது பிரெஞ்சில் பேசுகிறார்.

இந்த ஒரு விவரத்துக்காக நான் பூனினுக்கு என் கதைகளில் பாதியைக் கொடுத்துவிடுவேன். (அவருக்கு அது நஷ்டம்தான்.) முதலாளி குரலை உயர்த்தியதாக எழுதியிருந்தால் அவர் வில்லனாகப் போயிருப்பார், நாமும் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டியிருப்போம். மொழி மாறிவிட்டது. வாடிக்கைக்காரரின் பாஷையைப் பேசுவது ஹோட்டலில் கிடைக்கும் சௌகரியங்களில் ஒன்று. வெந்நீரைப் போல, மின்சார விளக்கைப் போல. இந்தக் குடும்பத்தால் இனிக் கல்லாவில் விழப்போவது சில்லறைதான் என்று தெரிந்ததும் அந்தச் சௌகரியம் நிறுத்தப்படுகிறது. அவ்வளவுதான். கோபம் இல்லை, குரோதம் இல்லை. குழாயை மூடுவதுபோல.

பட்டினத்தாருக்கும் பூனினுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன். பட்டினத்தார் பாடுவது செல்வம் கூட வராது என்பதை. பூனின் எழுதுவது அதை அல்ல. கனவானுக்கு மேளதாளமாக நடந்தது, அவருடைய செல்வத்தைக்கொண்டு அவர் வாங்கிய மரியாதை. அது கூட வரவில்லை என்பதுகூடப் பெரிய விஷயம் இல்லை. அது எப்போதாவது அவருடையதாக இருந்ததா என்பதுதான் கேள்வி.

இதற்கு ஆதாரமாகக் கதையில் மிகச் சாதாரணமாக வந்துபோகும் ஒரு வரி இருக்கிறது. நான் மூன்றாம் தடவை படித்தபோதுதான் என் கண்ணில் பட்டது. கனவான் பிரயாணத்தில் தாராளமாக இனாம் கொடுக்கிறவர். ஆகவே தமக்குச் சோறு போட்டுத் தண்ணீர் கொடுத்துக் காலையிலிருந்து இரவு வரையில் பணிவிடை செய்கிறவர்கள் எல்லோரும் உண்மையிலேயே தம்மிடம் அக்கறை உள்ளவர்கள் என்று அவர் முழுமனசாக நம்புகிறார் என்று பூனின் சொல்லுகிறார். நம்புகிறார்! கர்வம் பிடித்தவர் அழிந்தார் என்று நானும் என் நண்பரும் படித்துவிட்டோம். ஆனால் இந்த மனிதர் ஒரு வெகுளி. வாழ்நாள் முழுவதும் வியாபாரம் செய்தவர். தாம் காசு கொடுத்து வாங்கியதை யாரோ அன்பாகக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டுவிட்டார். ஆயிரம் பேருக்குக் கூலி கொடுத்தவருக்கு இந்த ஒரு கணக்கு மட்டும் தெரியவில்லை. நல்ல ஹோட்டல் என்பதே இந்தக் கணக்கை மறக்க வைக்கும் இடம்தான். அதில் எவ்வளவுக்கெவ்வளவு சாமர்த்தியம் இருக்கிறதோ அவ்வளவுக்கு வாடகை.

கதை பிறந்த விதத்தைப் பூனினே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். 1915 கோடையில் மாஸ்கோவில் ஒரு புஸ்தகக் கடை ஜன்னலில் தாமஸ் மான் எழுதிய 'வெனிஸில் மரணம்' என்ற புஸ்தகத்தின் ருஷ்ய மொழிபெயர்ப்பைப் பார்த்தார். உள்ளே போய் வாங்கவில்லை. பிறகு கிராமத்தில் இருந்தபோது அந்தத் தலைப்பு நினைவுக்கு வந்தது. கூடவே, தாம் காப்ரியில் 'குவிஸிஸானா' ஹோட்டலில் தங்கியிருந்த வருஷத்தில் அங்கே வந்த ஓர் அமெரிக்கர் திடீரென்று செத்துப்போனதும் நினைவுக்கு வந்தது. 'காப்ரியில் மரணம்' என்று எழுதத் தீர்மானித்து, நாலே நாளில் எழுதி முடித்தார். தலைப்பை மட்டும், கதையின் முதல் வார்த்தைகள் வந்ததுமே மாற்றிவிட்டார். யாரோ ஓர் அமெரிக்கர் அங்கே சாப்பாட்டுக்குப் பிறகு இறந்தது ஒன்றுதான் நிஜம். ஸான்பிரான்ஸிஸ்கோ உள்பட மற்றதெல்லாம் தம் கற்பனை என்று அவரே சொல்லுகிறார். ஆகவே 43-ம் நம்பர் அறையைத் தேடிக்கொண்டு அந்த ஹோட்டலுக்குப் போகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அந்த ஹோட்டல் இன்றும் நன்றாக நடக்கிறது. 1845-ல் ஒரு பிரிட்டிஷ் டாக்டர் நோயாளிகள் தங்குவதற்காக ஆரம்பித்த இடம் அது. 'குவி ஸி ஸானா' என்றால் இத்தாலிய மொழியில் 'இங்கே குணமாகும்' என்று அர்த்தம். கதையில் இந்தப் பெயர் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். என் கையில் இப்படி ஒரு பெயர் கிடைத்திருந்தால் நான் விட்டிருக்கவே மாட்டேன். கதையின் கடைசி வரியில் போட்டு வாசகருடைய விலாவில் இடித்திருப்பேன். பூனின் விட்டுவிட்டார்.

தாமஸ் மானின் கதையும் ஒரு தீவில், ஒரு கடற்கரை ஹோட்டலில் நடக்கிறது. வெனிஸுக்கு எதிரே லிடோத் தீவு; 1911-ல் மான் தாமே போய்த் தங்கிய இடம். அங்கேயும் ஹோட்டல்காரர்கள் ஒரு சாவை மறைக்கிறார்கள்; ஒரு சாவு அல்ல, ஊர் முழுவதும் பரவும் காலராவை. பருவம் கெட்டுவிடும், பிரயாணிகள் ஓடிவிடுவார்கள் என்று போலீஸிலிருந்து க்ஷவரக்காரர் வரையில் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். (அந்தக் காலரா நம்முடைய கங்கைக் கழிமுகத்திலிருந்து கிளம்பி வருவதாக மான் எழுதுகிறார். ஐரோப்பியக் கதைகளுக்கு நாம் ஏற்றுமதி செய்ததில் இதுவும் ஒன்று!) ஆனால் மானுடைய கதாநாயகனுக்கு உண்மை தெரியும். தெரிந்தே தங்குகிறான். அவனுக்கு மனம் இருக்கிறது, ஆசை இருக்கிறது, தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் திறமை இருக்கிறது. ஹோட்டல் அவனுக்கு ஒரு பின்னணிதான். பூனின் கதையிலோ மனிதருடைய மனம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பக்கம்கூட இல்லை. ஹோட்டல்தான் கதாபாத்திரம். அது யோசிக்கிறது, பயப்படுகிறது, சமாளிக்கிறது, மறுநாள் காலையில் காபி கொண்டுவருகிறது. இலக்கியத்தில் மான் பெரியவரா பூனின் பெரியவரா என்ற வழக்கை நான் தொடவில்லை. ஹோட்டலைப் பார்த்தவர் பூனின்.

இனி லூயிஜி. கனவான் தங்கிய தளத்தின் சிப்பந்தி. கனவான் மணியடித்தால் போதும், வேலைக்காரப் பெண்களின் நடுவே விழுந்தடித்து ஓடுவதாக நடிப்பான். அசட்டு முகம் செய்துகொண்டு கதவைத் தட்டி, அளவுக்கு மிஞ்சிய பவ்யத்தோடு கூப்பிட்டீர்களா என்று கேட்பான். பெண்கள் கண்ணில் ஜலம் வரச் சிரிப்பார்கள். உள்ளே இருக்கும் கனவானுக்கு அந்தப் பவ்யம் மட்டும்தான் கேட்கும். அன்று இரவு, கனவான் 43-ம் நம்பரில் கிடக்கும்போதும், லூயிஜி அந்தக் கதவருகே போய் அதே பவ்யத்தோடு அதே கேள்வியைக் கேட்கிறான். பிறகு தானே தொண்டையை இறுக்கிக்கொண்டு கனவானுடைய குரலில் பதிலும் சொல்லுகிறான். பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

இந்த இடம் கொடூரம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. என் நண்பரும் முகத்தைச் சுளித்தார். "பாவம், செத்த பிறகுமா?" என்றார். கதையிலேயே மிக நிஜமான இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். அந்த மின்சார மணியை யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் விரல், மறு பக்கம் ஓடும் கால். நடுவே சுவருக்குள் ஒரு கம்பி. விரலுக்குச் சொந்தக்காரருக்குக் காலுக்குச் சொந்தக்காரனுடைய முகம் தெரியத் தேவையில்லை. லூயிஜியின் அந்த முகம்தான் அவனுக்கென்று மிஞ்சிய ஒரே சொத்து. அதை அவன் நடைவழியில் வைத்துக்கொண்டு விளையாடுகிறான். அவன் கனவானை வெறுக்கவில்லை. வெறுப்பதற்கு ஒருவரை ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். நம் கதைகளில் எஜமானர் செத்தால் வேலைக்காரன் தூணைக் கட்டிக்கொண்டு அழுகிறான். நானும் அழ வைத்திருக்கிறேன்.

ஆமாம், என் கதை. பூனினை முதல் தடவை படித்த சூட்டில் ஒரு மிராசுதாருடைய சாவை எழுதினேன். வட்டிக்காரர், கல் நெஞ்சுக்காரர், மூன்றாம் பக்கத்தில் மாரடைப்பு. பெட்டிச் சாவிக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும்போது பழைய பண்ணையாள் ஒருவன் மட்டும் தலைமாட்டில் உட்கார்ந்து அழுகிறான். பத்திரிகையில் வந்தது, பாராட்டிக் கடிதங்கள் வந்தன. அந்தக் கடிதங்களைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் எப்படிப்பட்டது என்பது பல வருஷம் கழித்து, வேறு ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. ஒரு பணக்காரரைச் சாகடித்துவிட்டு நானும் வாசகர்களும் சேர்ந்து மிட்டாய் சாப்பிட்டிருக்கிறோம்.

அந்த வேறு விஷயம் இது. ஒரு சமயம் ஒரு ஜில்லாத் தலைநகரில் நாலு நாள் ஒரு லாட்ஜில் தங்க நேர்ந்தது. கடற்கரை இல்லை, கண்டாமணி இல்லை, மூட்டைப்பூச்சி உண்டு. பக்கத்து அறையில் வயசான ஒருவர், ஏதோ கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்க ஊர் சுற்றுகிறவர்போல இருந்தது. இரவெல்லாம் இருமிக்கொண்டிருந்தார். விடிகாலம் மூன்று மணி சுமாருக்கு வாசல் நடையில் நாலைந்து பேர் செருப்பில்லாமல் நடக்கும் சத்தம் கேட்டது. மாடிப்படிப் பக்கம் அல்ல. பின்கட்டுப் படிப் பக்கம். யாரோ தாழ்ந்த குரலில், "தலையை நிமிர்த்திப் பிடிடா" என்றார்கள். நான் படுக்கையிலேயே இருந்தேன். ஆறு மணிக்குப் பையன் காபி கொண்டுவந்தான். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது, தரையை அலம்பிவிட்டிருந்தார்கள். நான் பையனை ஒன்றும் கேட்கவில்லை. காபியைக் குடித்தேன். நன்றாகவே இருந்தது. பத்து மணிக்கு அந்த அறைக்கு ஒரு புதுத் தம்பதி பெட்டியோடு வந்தார்கள்.

இதைக் கதையாக எழுத நான் பல தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். லாட்ஜ் மானேஜரைத் திட்ட வேண்டும் என்று தோன்றும். திட்டினால் நான் காபி குடித்ததை எங்கே வைப்பது? பூனின் கதையில் கனவானுடைய உடம்பை விடிவதற்குள் கீழே இறக்கி விடுகிறார்கள். அவசரத்துக்குச் சவப்பெட்டி கிடைக்காது; ஆங்கில ஸோடாத் தண்ணீர் பாட்டில்கள் வந்த நீளமான மரப்பெட்டி ஒன்றை முதலாளி கொடுக்கிறார். உள்ளே இருக்கும் தடுப்புக்களை எடுத்துவிட்டால் போதும். அதை ஒற்றைக் குதிரை வண்டியில் ஏற்றுகிறார்கள். ராத்திரி சூதாட்டத்தில் கையில் இருந்ததையெல்லாம் விட்ட வண்டிக்காரனுக்கு எதிர்பாராத இந்த வாடகையில் கொஞ்சம் ஆறுதல். ஹோட்டலில் மற்றவர்கள் இன்னும் தூங்குகிறார்கள். விடிந்தால் அவர்கள் கழுதைமேல் ஏறித் திபேரியுஸ் சக்கரவர்த்தியின் அரண்மனை இடிபாடுகளைப் பார்க்கப் போக வேண்டும். அந்தத் தூங்குகிறவர்களைப் பற்றி பூனின் கண்டித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் என்னை அந்தக் கதையில் ஏதாவது ஓர் இடத்தில் உட்கார வைக்க வேண்டுமென்றால் அது மேல் மாடியில், போர்வைக்குள்தான். இது தெரிந்த பிறகு அந்தக் கதையைப் பட்டினத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து போக எனக்கு முடியவில்லை.

குறைகள் இல்லாத கதை என்று நான் சொல்லமாட்டேன். கடைசியில் அந்த உடம்பு, துறைமுகக் கிடங்குகளில் கிடந்து அலைந்து, வந்த அதே 'அட்லாண்டிஸ்' கப்பலின் அடிவயிற்றில் தார் பூசிய பெட்டியில் திரும்பிப் போகிறது. மேலே மறுபடியும் நடனம், மறுபடியும் அந்தக் கூலிக் காதலர்கள். இது போதும். ஆனால் ஜிப்ரால்டர் பாறைமேல் சாத்தானை உட்கார வைத்துக் கப்பலைப் பார்க்க வைக்கிறார் பூனின். சாத்தானுக்கு அங்கே என்ன வேலை? ஹோட்டல் முதலாளியின் பிரெஞ்சுக்கு முன்னால் சாத்தான் ஒரு பொம்மையாகத்தான் நிற்கிறான்.

லொரென்ஸோ என்ற கிழப் படகோட்டி வருகிற இடத்திலும் முதலில் எனக்குச் சந்தேகம் இருந்தது. கவலையில்லாத அழகான கிழவன், சந்தையில் நின்றுகொண்டு ராஜாவைப் போலச் சுற்றிலும் பார்க்கிறான். சித்திரக்காரர்கள் அவனைப் பார்த்து எத்தனையோ படம் எழுதியிருக்கிறார்கள். பணக்காரன் சவமானதும் ஏழையின் ஆனந்தத்தைக் கொண்டுவந்து காட்டும் பழைய வித்தைதானே இது என்று நினைத்தேன். மறுபடி படித்தபோது ஒரு விஷயம் தட்டுப்பட்டது. லொரென்ஸோ அன்று விடிகாலையில் தான் பிடித்த இரண்டு சிங்கி இறால்களை அடிமாட்டு விலைக்கு விற்றிருக்கிறான். அவை சலசலத்துக்கொண்டிருப்பது அதே ஹோட்டல் சமையற்காரனுடைய மேலங்கிக்குள். ஆக, கிழவனும் அந்த ஹோட்டலுக்கு வெளியே இல்லை. அவனுடைய கவலையின்மையையும் யாரோ படமாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதைப் பூனின் விளக்கவில்லை. இறாலைச் சமையற்காரன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

கனவானுக்குப் பெயர் வைக்காததுதான் எனக்கு இன்னும் தீராத வழக்கு. நேபிள்ஸிலும் காப்ரியிலும் யாருக்கும் அவர் பெயர் நினைவில்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார். நல்ல யுக்தி. ஆனால் மனைவிக்குமா அவர் பெயர் தெரியாது? 43-ம் நம்பர் அறையில், அந்த மங்கல் விளக்கின் அடியில், அவள் ஒரு தடவை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டாளா? அந்த ஒரு நிமிஷத்தில் பூனினும் ஹோட்டலோடு சேர்ந்துகொண்டுவிட்டார் என்று தோன்றுகிறது. எனக்கு ருஷ்ய மொழி தெரியாது, டி. எச். லாரன்ஸ் தம் நண்பர் கோட்டெலியான்ஸ்கியுடன் சேர்ந்து செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தவன். 1922-ல் உல்ப் தம்பதிகளின் ஹோகார்த் அச்சகம் அதைப் புஸ்தகமாகப் போட்டபோது லாரன்ஸின் பெயர் முகப்புப் பக்கத்தில் விட்டுப்போய்விட்டது. தனியே ஒரு துண்டுச் சீட்டு அச்சிட்டுச் சேர்த்தார்கள். பெயரில்லாதவரைப் பற்றிய கதைக்கு மொழிபெயர்த்தவர் பெயரும் இல்லாமல் போக இருந்தது!

அதே வருஷம் லாரன்ஸ் இலங்கைக்கு வந்து கண்டியில் சில வாரங்கள் இருந்துவிட்டுப் போனார். பூனின் அவருக்கு முன்பே, 1911-ல், இலங்கைக்கு வந்தவர். கொழும்பை வைத்து 1914-ல் அவர் எழுதிய 'சகோதரர்கள்' என்ற கதையைக் காப்ரிக் கதையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பேன். அதில் இறக்கிறவன் வெள்ளைக்காரக் கனவான் அல்ல. ரிக்‌ஷா இழுக்கும் சிங்கள இளைஞன். தகப்பன் செத்ததும் அவனுடைய ஏழாம் நம்பர் பித்தளைத் தகடு மகன் கைக்கு வருகிறது. கல்யாணம் செய்துகொள்ள இருந்த பெண் காணாமல் போய்விடுகிறாள். வெகு நாள் கழித்து ஓர் இரவு, ஓர் ஆங்கிலேயரை இழுத்துக்கொண்டு போன இடத்தில், அவளை வெள்ளைக்காரர்களுக்காக வைத்திருக்கும் வீட்டில் பார்க்கிறான். ஒரு சின்னப் பாம்பை விலைக்கு வாங்கித் தன்னைக் கடிக்க விட்டுக்கொள்கிறான். ஆங்கிலேயர் ஒரு ருஷ்யக் கப்பலில் ஏறி ஊரைவிட்டுப் போய்விடுகிறார்.

அங்கேயும் நம்பர், இங்கேயும் நம்பர். செல்வம் நிலையாது என்ற பாட்டை அந்த ரிக்‌ஷாக்காரனிடம் போய்ப் பாட முடியுமா? அவனிடம் நிலையாமல் போக என்ன இருந்தது? இந்தக் கதையை முதலில் எழுதிவிட்டு, மறு வருஷம் காப்ரிக் கதையை எழுதியிருக்கிறார் பூனின். இழுக்கிறவனுடைய சாவை எழுதிய கை, உட்கார்ந்து போகிறவருடைய சாவை எழுதும்போது பழி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அந்த ஈர அறையின் ஜன்னலுக்கு வெளியே நீல நட்சத்திரங்களை வைத்தார். சுவரில் ஒரு சுவர்க்கோழியைக் கத்த வைத்தார். கனவானுக்கு அவர் செய்த உபசாரம் அவ்வளவுதான். ஆனால் அதற்கு இனாம் கிடையாது.

இதையெல்லாம் நண்பரிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. இவ்வளவு கோவையாக எனக்கு வாயில் வராது. 'சகோதரர்கள்' வரும் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்துப் புஸ்தகத்தை மறுபடியும் அவர் கையில் கொடுத்து, "இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், ஸார்" என்று மட்டும் சொன்னேன்.

பத்து நாள் கழித்து வந்தார். வழக்கம்போலப் புஸ்தகம் இருந்தது, தீர்ப்பு இல்லை. சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "அது சரி, ஸார், அந்த ராத்திரிக்கு ஹோட்டல் பில்லை யார் கொடுத்தார்கள்? 43-ம் நம்பருக்குத் தனியாகப் போட்டிருப்பார்களோ?" என்று கேட்டார்.

புஸ்தகத்தைப் பிரித்துத் தேடிப் பார்த்தோம். பூனின் அதை எழுதவில்லை.